பறவைக்கு எந்த மரம் வேண்டும்? அதைக் கேட்டுக்கொண்டே இருந்த மா. கிருஷ்ணனின் கதை

டிசம்பர் பிறந்தால் போனில் ஒரு வகை வீடியோ திரும்பத் திரும்ப வரும். ஏதோ ஒரு குளிர்நாட்டு நகரத்தின் பூங்கா. தரையெல்லாம் பனி. மற்ற மரங்கள் இலை உதிர்ந்து மொட்டையாக நிற்க, வயதான பைன் மரங்கள் மட்டும் கரும்பச்சையாக நிமிர்ந்து நிற்கும். கீழே கழுத்தில் பைனாகுலரோடு நாலைந்து பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். பார்க்கும்போதே நமக்கும் ஆசை வரும். நம்ம ஊரில் இப்படி ஒரு இடம் எங்கே இருக்கு?

காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகும் வழியில் பெருநகர் வரும். உத்திரமேரூர் வட்டம். தைப்பூசத்துக்குச் சுற்றுவட்டார சாமிகள் செய்யாற்றில் வந்து கூடும் ஊர். இங்கே பைன் கிடையாது. அதைப் போலத் தோன்றும் மரம் ஒன்று உண்டு: சவுக்கு. தூரத்தில் இருந்து பார்த்தால் ஊசியிலைக் காடு மாதிரியே இருக்கும். ஆனால் மார்கழிக் காலையில் ஒரு சவுக்குத் தோப்புக்குள் போய் நின்றால் காதில் விழுவது பெரும்பாலும் காற்றின் சத்தம்தான். பறவைக் கச்சேரி கேட்க வேண்டுமானால் ஏரிக்கரைக்கும் பழைய ஆலமரத்தடிக்கும்தான் போக வேண்டும்.

ரெண்டுமே பச்சைதானே, ரெண்டுமே மரம்தானே, பிறகு ஏன் இந்த வித்தியாசம்? இந்தக் கேள்வியை வாழ்நாள் முழுக்க விடாமல் கேட்டவர் ஒரு தமிழர். பெயர் மா. கிருஷ்ணன்.

மயிலாப்பூரில் நரியும் வெளிமானும்

கிருஷ்ணன் 1912 ஜூன் 30 அன்று திருநெல்வேலியில் பிறந்தார். அப்பா அ. மாதவையா. பத்மாவதி சரித்திரம் நாவலை எழுதியவர், தமிழ் நாவலின் முன்னோடிகளில் ஒருவர். எட்டுப் பிள்ளைகளில் கிருஷ்ணன் கடைக்குட்டி. உப்பு, ஆயத்தீர்வைத் துறையில் வேலை பார்த்த மாதவையா, முன்கூட்டியே ஓய்வு பெற்று, சென்னையில் சொந்தமாக அச்சகம் வைத்துப் பத்திரிகை நடத்தினார். குடும்பம் மயிலாப்பூரில் இருந்தது.

இன்றைய மயிலாப்பூரை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படிக்காதீர்கள். அப்போது அந்தப் பகுதி புதர்க்காடாக இருந்தது. நரி திரியும், வெளிமான் மேயும், பறவைகளுக்குக் குறைவே கிடையாது. பையன் ஒரு கீரிப்பிள்ளையை வளர்த்தான். காட்டைத் தேடி அவன் எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. வீட்டுக் கொல்லைப்புறத்திலேயே அது தொடங்கியது.

1925-ல் சென்னைப் பல்கலைக்கழகப் பேரவையில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசிய மாதவையா, அங்கேயே சரிந்து விழுந்து இறந்துபோனார். கிருஷ்ணனுக்கு அப்போது 13 வயது. அதன் பிறகு அவரை வளர்த்தெடுத்ததில் மூத்த அக்கா லட்சுமிக்குப் பெரிய பங்கு உண்டு.

மலையில் கிடைத்த முதல் பாடம்

இந்து உயர்நிலைப் பள்ளி, அடுத்து மாநிலக் கல்லூரி. அங்கே கிருஷ்ணனுக்குத் தாவரவியல் ஆசிரியராக வாய்த்தவர் பி. எஃப். ஃபைசன். நீலகிரி, பழனி மலை உச்சிகளின் தாவரங்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். அந்த நூலுக்குப் படம் வரைந்தவர்களில் அவர் மனைவியும் ஒருவர். ஃபைசனோடு கிருஷ்ணன் ஊட்டி, கொடைக்கானல் பக்கம் களப்பயணம் போனார். செடியைப் பார்ப்பது எப்படி என்று ஆசிரியரிடமும், நீர்வண்ணத்தில் வரைவது எப்படி என்று அவர் மனைவியிடமும் கற்றுக்கொண்டார்.

அந்த மலைகளின் இயற்கையான முகம் சோலைக்காடும் புல்வெளியும்தான். இன்றைக்கு நாம் செல்ஃபி எடுக்கும் கொடைக்கானல் பைன் காடும், ஊட்டியின் சைப்ரஸ், யூகலிப்டஸ், சீகை மரங்களும் வெளியிலிருந்து கொண்டுவந்து நடப்பட்டவை. தென்னிந்தியாவுக்கே சொந்தமான ஊசியிலைக் குடும்பத்து மரம் ஒன்றே ஒன்றுதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டில் வளரும் நெகேயா. வேடிக்கை என்னவென்றால், அதற்கு ஊசி இலையே கிடையாது, அகலமான இலை!

1931-ல் பி.ஏ. முடித்த கிருஷ்ணன், எம்.ஏ.வும் பிறகு சட்டமும் படித்தார். வக்கீலாகவில்லை. பத்திரிகைகளுக்கு எழுதினார், படம் வரைந்தார், கிடைத்த வேலையைச் செய்தார். 1937-ல் இந்துமதியை மணந்தார். கையில் பெரிய பட்டம், ஆனால் நிலையான வருமானம் இல்லை. இந்த நிலைமை இன்று படிக்கும் பலருக்கும் பழகியதாகத்தான் இருக்கும்.

சண்டூரில் எட்டு வருஷம்

1942-ல் பெல்லாரிக்குப் பக்கத்தில் இருந்த சண்டூர் என்ற சின்ன சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மகாராஜாவின் அரசியல் செயலாளர் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பல பொறுப்புகள். இடையில் ஆடு மேய்த்துப் பார்த்தார், புறா வளர்த்தார். ஆனால் அவர் அங்கே உண்மையில் செய்த வேலை, சுற்றியிருந்த மலைகளிலும் கரட்டுக் காடுகளிலும் நடந்து திரிந்து கவனித்ததுதான்.

சுதந்திரத்துக்குப் பிறகு சண்டூர் இந்தியாவோடு இணைந்தது. அரசாங்கத்தில் ஒரு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்திருக்கலாம். கிருஷ்ணன் அதைச் செய்யவில்லை. சென்னைக்குத் திரும்பி, எழுத்தையும் கேமராவையும் மட்டும் நம்பி வாழ முடிவு செய்தார். அப்போது அவருக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரே பத்தி, 46 வருஷம்

1950-ல் கல்கத்தாவிலிருந்து வரும் தி ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 'கன்ட்ரி நோட்புக்' என்ற பத்தியைத் தொடங்கினார். 1996-ல் இறக்கும் வரை, 46 வருஷம் அதை எழுதினார்.

அதில் புலியும் யானையும் மட்டும் வரவில்லை. காக்கை வந்தது, பல்லி வந்தது, அணில் வந்தது, தெருவில் போகும் கழுதையும் வந்தது. மொட்டைமாடியிலிருந்து பார்த்ததும் ஜன்னல் வழியாகக் கேட்டதும்கூட கட்டுரையானது. 1961-ல் வந்த அவருடைய ஒரு புத்தகத்தின் பெயரிலேயே காடும் கொல்லைப்புறமும் சமமாக உட்கார்ந்திருக்கும்: ஜங்கிள் அண்ட் பேக்யார்டு.

தமிழிலும் எழுதினார். பெரியசாமித் தூரன் தொகுத்த கலைக்களஞ்சியத்துக்கு விலங்குகளைப் பற்றிய கட்டுரைகள் கொடுத்தார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் பின்னாளில் தொகுத்தார். 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற பெயரில் நூலாக வந்தது. பழந்தமிழ் இலக்கியத்தில் ஆழ்ந்த வாசிப்பு இருந்ததால், பறவைக்கும் மரத்துக்கும் இந்த மண்ணில் ஏற்கெனவே இருந்த பெயர்களை அவர் தேடிப் பிடித்தார்.

போட்டோ என்றால் கடைசி வரை கறுப்பு வெள்ளைதான். ஒரு கம்பெனியின் உடல், இன்னொரு கம்பெனியின் லென்ஸ், மீதி சொந்தக் கைவேலை என்று அவரே ஒட்டுப்போட்டு உருவாக்கிய கேமரா வைத்திருந்தார். அதற்கு 'சூப்பர் பாண்டெரோசா' என்று பெயர். பாண்டெரோசா என்பது அமெரிக்காவின் ஒரு பைன் மரம்! வெளிநாட்டு மரங்களை அவ்வளவு எதிர்த்த மனிதரின் கையில் இப்படி ஒரு கேமரா.

1968-ல் ஜவாஹர்லால் நேரு ஃபெல்லோஷிப் பெற்று, தீபகற்ப இந்தியாவின் பாலூட்டிகளைப் பற்றிய பெரிய கள ஆய்வைச் செய்தார். முதுமலையில் யானை மேல் உட்கார்ந்தபடி காட்டு யானைகளைப் படம் எடுத்தார். பத்மஸ்ரீ வந்தது. இந்திய வனவிலங்கு வாரியத்தில் பல வருஷம் உறுப்பினராக இருந்தார். ஆனாலும் பெயருக்குப் பின்னால் பெரிய பதவி எதுவும் இல்லாமல், தனிமனிதராகவேதான் வாழ்ந்தார்.

வேடந்தாங்கல் சொல்லும் விஷயம்

பெருநகரிலிருந்து உத்திரமேரூர் வழியாகப் போனால் வேடந்தாங்கல் அதிக தூரமில்லை. இப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. கிருஷ்ணன் கவனித்து எழுதிய இடங்களில் இதுவும் ஒன்று.

தாங்கல் என்றால் சின்ன ஏரி. வேடந்தாங்கலின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான். ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாக இந்தப் பறவைகளைக் காத்து வந்தார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரமாகும் என்பது அவர்களுக்குத் தெரியும். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் அந்த உரிமையை ஏற்றுக்கொண்டார். 1936-ல் அது சரணாலயமாக அங்கீகரிக்கப்பட்டது. 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அரசாங்கம் காப்பாற்றுவதற்கு முன்பே ஊர் காப்பாற்றியது என்பதுதான் இதன் சிறப்பு. பக்கத்திலுள்ள உத்திரமேரூரின் 10-ஆம் நூற்றாண்டுச் சோழர் கல்வெட்டிலேயே ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்று தனிக் குழு இருந்ததை நினைத்தால், இதில் ஆச்சரியம் இல்லை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். வேடந்தாங்கலுக்கு வருவதெல்லாம் சைபீரியப் பறவை, இங்கே வந்து முட்டையிட்டுவிட்டுத் திரும்பிப் போகும் என்று பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை.

• மரத்தில் கூடு கட்டுபவை பெரும்பாலும் நம் நாட்டுப் பறவைகள்: நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும் வரும். மீனும் நத்தையும் பெருகும் நேரத்தில் குஞ்சு பொரிக்கும்.

• வடக்கே வெகுதூரத்திலிருந்து வருபவை வேறு: ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, உள்ளான் வகைகள். இவை குளிருக்குத் தப்பி, இரை தேடி வருபவை. இங்கே முட்டையிடாது. மார்ச், ஏப்ரலில் கிளம்பிவிடும்.

கூடு கட்டுபவற்றுக்கு ஏரி நிரம்பினால் மட்டும் போதாது. தண்ணீருக்குள் கால் வைத்து நிற்கும் நீர்க்கடம்பும் கருவேலமும் வேண்டும். நாயும் பூனையும் எட்ட முடியாத கூடு அங்கேதான் அமையும். இந்த மரம், இந்தத் தண்ணீர், இந்த மாதம் மூன்றும் சேர்ந்தால்தான் வேடந்தாங்கல். ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்க முடியாது.

பைன் அங்கே ஏன், இங்கே ஏன் இல்லை?

இப்போது அந்தப் பனிப் பூங்கா வீடியோவுக்குத் திரும்பலாம். குளிர்நாட்டில் குளிர்காலம் என்றால் இலையில்லாத காலம். ஒளிய இடமில்லை, பூச்சி குறைவு. அப்போது இலை உதிர்க்காத ஊசியிலை மரம்தான் வீடும் ஹோட்டலும். பனிக்காற்றைத் தடுக்கும். அடர்ந்த கிளைக்குள் பகலில் ஆந்தை தூங்கும். ஐந்தாறு கிராம் எடையுள்ள குட்டிக் குருவிகள் ஊசி இலைகளுக்கு இடையே பூச்சி பொறுக்கும். அலகின் நுனி கத்தரிக்கோல் போலக் குறுக்காகப் போகும் ஒரு குருவி, கூம்பைப் பிளந்து விதை எடுக்கவே அப்படி அமைந்தது. மரம் வயதானதாக இருந்தால் கூம்பும் அதிகம். அதனால்தான் அந்த ஊர்க்காரர்கள் முதிர்ந்த பைன் மரத்தடியில் போய் நிற்கிறார்கள். அது அவர்கள் ஊர் மரம், அவர்கள் ஊர்ப் பறவை. இரண்டும் பல்லாயிரம் வருஷம் சேர்ந்து வாழ்ந்தவை.

நமக்கு மார்கழி இலையுதிர் காலம் இல்லை. மழை முடிந்து ஏரி நிரம்பி, பூச்சியும் பழமும் கிடைக்கும் காலம். வரும் விருந்தாளியின் தேவையும் வேறு. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு வரும் ஆறுமணிக்குருவிக்குக் கிளறிப் பார்க்க உதிர்ந்த இலைக் குப்பை வேண்டும். சீனா, கொரியா பக்கமிருந்து வரும் கொடிக்கால் வாலாட்டிக்கு நிழல் வேண்டும். கிண்டி தேசியப் பூங்காவிலும் அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்திலும் இவை தென்படக் காரணம் அந்தப் பழைய மரங்களும் பெருக்கித் தள்ளாத தரையும்தான்.

சவுக்குக்கு வருவோம். அது பைன் குடும்பமே இல்லை. பூக்கும் தாவரம், ஊசி மாதிரி தெரிவது உண்மையில் கணுக்கணுவான மெல்லிய கிளை. ஆஸ்திரேலியா, தென்கிழக்கு ஆசியக் கரையோரங்களின் மரம். 19-ஆம் நூற்றாண்டில் விறகுக்காகச் சென்னைக் கரையோரம் பெருமளவில் நடப்பட்டது. இன்று சாரக்கம்பு, காகிதக் கூழ் என்று விவசாயிக்கு வருமானம் தருகிறது. அதில் தப்பில்லை. ஆனால் சில வருஷத்திலேயே வெட்டுக்கு வந்துவிடும் தோப்பில் பொந்து விழ நேரமில்லை; குயிலும் மைனாவும் தேடிவரும் பழமும் இல்லை. அதை மரப்பயிர் என்று சொல்லலாம். காடு என்று கணக்கில் எழுதினால்தான் பிரச்னை.

கிருஷ்ணன் போட்ட சண்டை

அவர் சண்டை போட்டது சரியாக இந்த இடத்தில்தான். ஒரு நாட்டின் அடையாளம், மாறிக்கொண்டே இருக்கும் மனிதப் பண்பாட்டைவிட, அதன் நிலம், செடிகொடி, உயிரினங்களில்தான் ஆழமாக இருக்கிறது என்று அவர் நம்பினார். அந்த அடையாளத்துக்கு வெளியிலிருந்து வந்த மரங்களால் ஆபத்து என்று பார்த்தார். அழகுக்காகவும் அவசரப் பசுமைக்காகவும் அவற்றை நடுவதைக் கடுமையாக எதிர்த்தார். மரம் நட்டுவிட்டோம் என்று எண்ணிக்கை காட்டுபவர்களிடம், என்ன மரம், யாருக்காக என்று கேட்டார். அந்தக் காலத்தில் இதைக் கேட்க ஆள் குறைவு. பிடிவாதக்காரர் என்ற பெயரும் அவருக்கு வந்தது.

பின்னாளில் காலம் அவர் பக்கம் நகர்ந்தது. மலைப் புல்வெளிகளைச் சீகையும் பைனும் விழுங்கியதை இன்று ஆய்வாளர்கள் இழப்பாகவே பார்க்கிறார்கள். ஆக்கிரமிக்கும் அந்நியத் தாவரங்களை அகற்றித் தமிழ்நாட்டின் காடுகளை மீட்கத் தனிக் கொள்கையே வந்துவிட்டது.

சரி, அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரியா? பறவை மரத்திடம் பாஸ்போர்ட் கேட்பதில்லை. தென் அமெரிக்காவிலிருந்து வந்த தூங்குமூஞ்சி மரங்களில் நம் கொக்குகள் கூட்டமாகத் தங்கும். வேறு மரம் இல்லாத ஏரிகளில் சீமைக் கருவேலத்திலும் நீர்ப்பறவைகள் கூடு கட்டும். அதை ஒரே நாளில் வெட்டினால் அந்த வருஷக் குஞ்சுகள் போச்சு. ஆகவே அகற்றுவதிலும் நிதானம் வேண்டும்.

ஆனால் ஒரு விஷயத்தில் மறுக்க ஒன்றுமில்லை. முதிர்ந்த மரத்துக்கு மாற்று கிடையாது. புள்ளி ஆந்தைக்கும் பச்சைக்கிளிக்கும் பொந்து வேண்டும். குக்குறுவானுக்குக் குடைய ஒரு பட்ட கிளை வேண்டும். பனை உழவாரன் பனை ஓலையில்தான் பெரும்பாலும் கூடு ஒட்டும். சாலை அகலப்படுத்த நூறு வயது ஆலமரத்தை வெட்டிவிட்டு, பதிலுக்குப் பத்துக் கன்று நடுகிறோம் என்று சொல்லும்போது, அந்த ஆந்தை இன்று ராத்திரி எங்கே போகும் என்பதற்குப் பதில் அந்தக் கணக்கில் இல்லை.

இந்தத் தைக்கு ஒரு மரம்

1995-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் கிருஷ்ணனுக்கு 'குளோபல் 500' விருது அளித்தது. 1996 பிப்ரவரி 18 அன்று அவர் காலமானார்.

அவரைப் பின்பற்றப் பெரிய கேமரா தேவையில்லை. பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஏரிக்கரை ஆலமரம், பள்ளிக்கூட வேம்பு, வயலோரப் பனை, எதுவானாலும் சரி. விடிந்ததும் அதனடியில் சும்மா உட்காருங்கள். போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டுக் கூப்பிட வேண்டாம். கூட்டுக்குப் பக்கத்தில் போக வேண்டாம். வந்தது எது, என்ன தின்றது, எந்தக் கிளையில் உட்கார்ந்தது என்று மட்டும் எழுதி வையுங்கள்.

2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. நான்கு நாளில் ஒரு பதினைந்து நிமிஷம் ஒதுக்கி, பார்த்ததை ஈ-பேர்டு தளத்தில் பதிவு செய்தால் போதும். காக்கையும் மைனாவும்கூடக் கணக்கில் சேரும்.

அந்தப் பட்டியலில் பறவைப் பெயருக்குப் பக்கத்தில் மரத்தின் பெயரையும் குறித்து வையுங்கள். நாளைக்கு அந்த மரத்தில் சிவப்புப் பெயின்டால் நம்பர் எழுத யாராவது வந்தால், அங்கே யார் யார் குடியிருக்கிறார்கள் என்று சொல்ல உங்கள் கையில் ஒரு நோட்டு இருக்கும்.